மாடியில் அட்ஜஸ்ட் கிடையாது

கண்ணாயிரம் படியேறி வரும்போதே ஜினமதிக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ கேட்கத்தான் வருகிறார் என்று. சாதாரணமாக எது வேண்டுமென்றாலும் கீழே இருந்தே குரல் கொடுக்கிற மனுஷன். மாடிக்கே ஏறி வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கரும்பலகையைப் பார்த்து, "பரவால்லியே, முத்து முத்தா எழுதி வெச்சிக்கிறியே" என்று சிரிக்கிறார் என்றால் விஷயம் பெரிசு.

"டீச்சர், இந்த வாட்டி கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

ஜினமதி தலையாட்டிவிட்டாள்.

அங்கேதான் கோட்டை விட்டாள். எதற்கு, எத்தனை நாளைக்கு, எவ்வளவு இடம்? ஒன்றையும் கேட்கவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்ததும் கழுத்து தன்பாட்டுக்கு ஆடிவிட்டது. அவளை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அந்த ஊர்ப் பழக்கமே அதுதான். செங்கம் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டுக்கு நான்காவது ஆள் வந்து "கொஞ்சம்" என்று இழுத்தாலே போதும், ஜன்னலோரம் இருப்பவர் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொள்வார். வருகிற ஆள் எவ்வளவு அகலம் என்று நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். முதலில் தலையாட்ட வேண்டும். எதற்கு ஆட்டினோம் என்பது பிறகுதான் தெரியும்.

ஜினமதிக்கும் பிறகுதான் தெரிந்தது.

"தேரு அன்னிக்கி வர்றாங்க, பெங்களூர் பார்ட்டி. பதினாலு பேரு. தீபம் பாத்துட்டு மறுநாளு போவாங்க. அஞ்சு நாளு. பெஞ்சு, போர்டெல்லாம் மொட்ட மாடில போட்டு தார்ப்பாய் மூடிடலாம். அப்பறம், பௌர்ணமிக்கு கிரிவலம் வர்ற கூட்டம் வர வர ஜாஸ்தி ஆய்க்கினே போவுது பாரு, அதனால மாசா மாசம் பௌர்ணமிக்கு மூணு நாளு. அவ்ளோதான். நீதான் நல்ல பொண்ணாச்சே!"

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். கைபிடிச் சுவரைத் தட்டிக்கொண்டே வேறு போனார், கச்சேரி கேட்டு எழுந்தவர் மாதிரி.

2002ஆம் வருஷம். பே கோபுரத் தெருவில் அந்த மாடி அறையை ஜினமதி எடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்து வரை பெண்களுக்குப் பேச்சு இங்கிலீஷ் சொல்லித் தருகிறாள். பதினோரு பேர் வருகிறார்கள். பெரும்பாலும் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற இடங்களில் வேலை பார்க்கிறவர்கள். பெருக்குகிறவர்கள், துணி துவைக்கிறவர்கள், டீ கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள். மத்தியானம் கிடைக்கும் ஓய்வில் இங்கே ஓடி வருகிறார்கள்.

முதல் வருஷம் தீபத்துக்கு ரெண்டு நாள் அறையைக் கொடுத்தாள். திரும்பி வந்து பார்த்தால், கரும்பலகையைத் தரையில் படுக்கப் போட்டு அதன்மேல் சப்பாத்தி தேய்த்திருந்தார்கள். என்ன தேய்த்தும் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. ஆறு மாசம் சாக்பீஸ் வழுக்கிக்கொண்டே இருந்தது. இரண்டாம் வருஷம் மூன்று நாள். அந்தத் தடவை கண்ணாயிரத்தின் பழைய அண்டா குண்டான் நாலு மூட்டை அலமாரிக்குள் ஏறியது. இன்னும் இறங்கவில்லை. இப்போது ஐந்து நாள், அதோடு பௌர்ணமிக்குப் பௌர்ணமி. அடுத்த வருஷம் கேட்பதற்கு அறையே மிச்சம் இருக்காது. கோயிலைச் சுற்றி வேறு இடம் தேடலாம் என்றால், பௌர்ணமிக் கூட்டத்தை நம்பி எல்லோரும் நாள் வாடகைக்குத்தான் விடுகிறார்கள். இந்த அறை போனால் வகுப்பும் போச்சு. அவ்வளவுதான்.

மறுநாள் வகுப்பில் அவள் பாடப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அந்த ஒரே சொல்லைப் பலகையில் பெரிதாக எழுதினாள்.

"இதான் இன்னிக்குப் பாடம். அட்ஜஸ்ட். இத எங்க கேட்டிருக்கீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

ஒவ்வொருத்தராவது! ஒரே சமயத்தில் ஆறு பேர் கத்தினார்கள்.

"எங்க பூத்துல, டீச்சர்!" என்றாள் தென்றல். எஸ்.டி.டி. பூத்தில் இருக்கிறவள், பத்தொன்பது வயசு. "நாலு பேரு வெயிட் பண்ணா ஓனரு என் ஸ்டூல புடுங்கி அவங்களுக்குக் குடுத்துடுவாரு. 'நின்னுக்கினே பில்லு போடு, அட்ஜஸ்ட் பண்ணிக்க'ம்பாரு."

"ஜாக்கெட்டு தெக்க குடுத்தேன், புடிக்குது. கேட்டா டெய்லரு இன்னா சொல்றான் தெரியுமா? 'மூச்ச ஜாஸ்தி இழுக்காம அட்ஜஸ்ட் பண்ணிக்கக்கா'ங்கறான்" என்றாள் எல்லம்மாள். அவள் உடம்பு கொஞ்சம் தாட்டி. மூச்சை இழுத்தும் காட்டினாள். வகுப்பே சரிந்துவிட்டது.

"நான் ஒரு ஆபீசுக்கு சர்டிபிகேட்டு வாங்கப் போயிருந்தேன்" என்றாள் வள்ளி. "அந்தாளு மேலயும் கீழயும் பாத்துட்டு, 'ஏதாவது அட்ஜஸ்ட் பண்ணும்மா'ன்னாரு. நானும் அவரு நாற்காலிதான் இடிக்குது போலன்னு மேஜைய தள்ளி வெச்சேன்."

"அய்ய! அப்பறம்?"

"அப்பறம் இன்னா, ஆறு மாசம் கழிச்சிதான் சர்டிபிகேட்டு வந்துச்சி."

கேஸ் சிலிண்டர் வராத நாளில் கேட்டது, மழை நாளில் ஆன்டெனா திருப்பும்போது கேட்டது, கல்யாணப் பந்தியில் இலைக்கும் இலைக்கும் நடுவே முட்டி மடக்கி உட்காரும்போது கேட்டது, தையல் மெஷினில், ஆட்டோவில், தர்ம ஆஸ்பத்திரி கட்டிலில் ரெண்டு பிள்ளைத்தாய்ச்சிகளை ஒன்றாகப் படுக்க வைத்தபோது என்று கொட்டித் தீர்த்துவிட்டார்கள். ஜினமதிக்குப் பலகையில் இடம் போதவில்லை.

அகராதியை எடுத்துப் படித்தாள். "ஒரு பொருளைச் சற்றே மாற்றி, சரியாகப் பொருந்தும்படி செய்தல். மூக்குக் கண்ணாடி, கடிகாரம், திருகாணி, இந்த மாதிரி உதாரணம் போட்டிருக்கு."

கடைசி பெஞ்சில் இருந்து ஆராயி வாயைத் திறந்தாள். நாற்பது வயசு. தங்கும் விடுதி ஒன்றில் படுக்கை விரிப்பு துவைக்கிறாள். பேசுவது கம்மி, பேசினால் குத்தும்.

"வெள்ளக்காரன் புஸ்தகத்துல பொருளத்தான் திருகுறானுங்க. இங்க ஆள இல்ல திருகுறாங்க?"

ஜினமதி அகராதியை மூடினாள்.

"இன்னொண்ணு, டீச்சர். இத்தினி பேரு சொன்னோமே, நம்பள்ல யாராவது ஒருத்தி எவனையாவது பாத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கடான்னு சொல்லிருக்குதா?"



"நான் சொல்லிருக்கேன்" என்றாள் வள்ளி, தரையைப் பார்த்துக்கொண்டே. "எம் பொண்ணுகிட்ட. முட்ட ஒண்ணுதான் இருந்திச்சின்னா பையனுக்கு வெச்சிட்டு, நீ அட்ஜஸ்ட் பண்ணிக்க கண்ணுன்னு சொல்லிருக்கேன்."

அதற்குப் பிறகு யாருக்கும் உதாரணம் சொல்லத் தோன்றவில்லை. தென்றல்தான் கேட்டாள்: "நீங்க, டீச்சர்? உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"நேத்து. வீட்டு ஓனரு. நான் தலையாட்டிட்டேன்."

என்ன கேட்டார், எதற்கு ஆட்டினாள் என்று முழுவதையும் சொன்னாள். மாசா மாசம் என்ற இடம் வந்ததும் எல்லம்மாள் "அடப்பாவி!" என்றாள். ஆராயி மட்டும் ஜினமதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் டீச்சர், பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணும்னு டிபன் டப்பாவ தொறந்து உக்காந்தீங்கன்னா, எவன் வந்து கூப்ட்டாலும் அசைய மாட்டீங்களே. அதுல மட்டும் அம்மாம் தகிரியம் எங்கேந்து வர்து?"

அது உண்மை. ஜினமதி நயினார் வீட்டுப் பெண். பொழுது இறங்கினால் ஜைனர்கள் வாயில் பருக்கை வைக்க மாட்டார்கள். காலேஜ் ஹாஸ்டலில் எட்டு மணிக்குத்தான் சாப்பாடு என்றார்கள். மூன்று வருஷமும் சரியாக ஐந்தே காலுக்குச் சமையலறை வாசலில் தட்டோடு போய் நின்றாள். முதல் வாரம் திட்டினார்கள். இரண்டாம் வாரம் முறைத்தார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து அவளுக்கென்று தனியாகச் சாதம் எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள்.

"அது வேற ஆராயி. அது சாப்பாடு."

"இது ரூமு. ரெண்டும் உங்களுதுதான?"

வகுப்பு முடிந்ததும் ஜினமதி நேராகக் கீழே இறங்கினாள். கண்ணாயிரம் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ராஜம்மாள் சுவரோரம் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நேத்து நான் தலையாட்டுனது தப்பு. ரூமு தர முடியாது."

கண்ணாயிரம் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "இன்னா டீச்சர், வெளயாடறியா? பார்ட்டிக்கு வாக்கு குடுத்துட்டேன்."

"என்னக் கேட்டுட்டு குடுத்திருக்கணும்."

"கேட்டனே! நீ ஆட்டுனியே!"

"அட்ஜஸ்ட்டுன்னுதான் சொன்னீங்க. நான் ஆட்டுன அப்பறம்தான அஞ்சு நாளு வந்துது, மாசா மாசம் வந்துது."

"எல்லாரும் அப்பிடித்தான்மா கேப்பாங்க!"

"எல்லாரும் அப்பிடித்தான் ஆட்டுவாங்க. நானும் ஆட்டுனேன். இப்ப முழுசா கேட்டுட்டேன். முடியாது."

முடியாது. எவ்வளவு சின்ன வார்த்தை! இருபத்தாறு வருஷத்தில் அதை இவ்வளவு நேராக யாரிடமும் சொன்னதில்லை.  ஆனாலும் நாக்கு குழறவில்லை. ராஜம்மாளின் விரல்கள் கீரைக் காம்பில் அப்படியே நின்றிருந்ததை அவள் பார்த்தாள்.

"நயினாருங்க சாதுவான ஜனம், வம்பு தும்புக்கு வராதுன்னுதான் குடி வெச்சேன்."

"சாதுதாங்கண்ணா. ரூமுதான் தரல."

கண்ணாயிரம் விடுவாரா? அன்றைக்கே அவள் ஊருக்கு போன் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் தென்றல் மூச்சிரைக்க ஓடி வந்தாள், பூத்துக்கு ஜினமதியின் அப்பா போன் பண்ணியிருக்கிறார் என்று. அப்பா விருசபதாசன் ஆரணிப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம் பார்க்கிறவர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர்.

"ஏம்மா, அவரு மனசு நோவறாப்புல பேசிட்டியாமே? நம்ம ஊர்ல நாம பதினஞ்சு வீடு. சுத்தி நானூறு வீடு. எப்பிடி இருக்கோம்? அட்ஜஸ்ட் பண்ணிக்கினுதான இருக்கோம்?"

ஜினமதி ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள்.

"அப்பா, ஊர்ல யாரு வீட்டுக் கல்யாணம்னாலும் நமக்குன்னு அஞ்சு மணிக்கே ஒரு பந்தி போடறாங்கல்ல. யாரு அத கேட்டு வாங்குனது?"

 

"உங்க தாத்தாதான்" என்றார் அப்பா. "மொத வாட்டி பந்தில உக்காராம எழுந்து வந்துட்டாரு. பெரிய சண்ட."

"அவரு ஆறரை மணிக்கு உக்காந்து அட்ஜஸ்ட் பண்ணிக்கலியே?"

அப்பா தொண்டையைக் கனைத்தார்.  பிறகு, "சாப்ட்டியாம்மா?" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

தேர் அன்றைக்கு வகுப்பு கிடையாது. ஆனால் மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் பதினோரு பேரும் மாடியில் இருந்தார்கள். யாரும் வரச் சொல்லவில்லை. ஆராயி துவைத்து முடித்த கையோடு, முந்தானை ஈரம் காயாமல் வந்துவிட்டாள். தேர் பார்க்கக் கிளம்பிய எல்லம்மாள் பாதி வழியில் திரும்பி வந்தாள். பெஞ்சு போதாமல் நாலு பேர் தரையில் நோட்டை விரித்து, கால் நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அறை நிறைந்து வழிந்தது. ஜினமதி அன்றைக்கு ஒரே ஒரு பாடம்தான் நடத்தினாள். முடியாது என்பதை இங்கிலீஷில் எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று. மரியாதையாக ஐந்து விதம் சொல்லிக்கொடுத்தாள். மரியாதை இல்லாமல் ஒன்று தென்றல் பூத்தில் கேட்டு வைத்திருந்தாள்.

வேன் வந்து நின்றபோது மணி ஐந்து பத்து. படுக்கைச் சுருட்டுகள், ஸ்டவ், அரிசி மூட்டை, குழந்தைகள், பெரியவர்கள் என்று பதினாலு பேரும் இறங்கினார்கள். அவர்களுக்கு மூத்தவளான ஒரு அம்மாள், குங்குமப் பொட்டும் வாய் நிறையச் சிரிப்புமாக முதலில் படியேறி வந்தாள். வாசலில் நின்று பதினோரு பெண்களையும் பார்த்தாள். கைகூப்பினாள்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, அம்மா" என்றாள், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க என்பதைக் கன்னடத்தில்.

ஒரு நொடிதான். தென்றலுக்கு முதலில் பொத்துக்கொண்டது. அவளைப் பார்த்து வள்ளி, வள்ளியைப் பார்த்து எல்லம்மாள்.

"பெங்களூர்லயும் இதானாம்மா!"

சிரித்துச் சிரித்து எல்லம்மாளுக்கு நிஜமாகவே ஜாக்கெட்டு புடித்தது. அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவளும் சேர்ந்து சிரித்தாள். அவள்மேல் யாருக்கும் கோபமில்லை. அவளுக்குச் சொல்லப்பட்டது காலி அறை என்றுதான்.

கண்ணாயிரம் பின்னாலேயே வந்தார். வேர்த்துக் கொட்டியது. "இன்னா டீச்சர் இது? ஜனங்க வந்து நிக்கிறாங்க!"

ஜினமதி ஜன்னலைப் பார்த்தாள். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. டிபன் டப்பாவை எடுத்தாள், கை கழுவினாள், உட்கார்ந்தாள், திறந்தாள். எலுமிச்சம்பழச் சாதம்.

"சாப்ட்டுட்டுப் பேசறேண்ணா."

மென்றாள். அவசரப்படவில்லை. கண்ணாயிரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். தேரடிப் பக்கமிருந்து மேளமும் "அரோகரா"வும் கேட்டது. கீழே ஒரு குழந்தை அழுதது. அவள் ஒரு வேர்க்கடலையைக்கூட மிச்சம் வைக்கவில்லை. டப்பாவை மூடி, தண்ணீர் குடித்தாள்.

"முடியாதுங்கண்ணா. இன்னிக்கும் கெடையாது, பௌர்ணமிக்கும் கெடையாது."

கண்ணாயிரம் அவளை முறைத்தார். பதினோரு பேரையும் முறைத்தார். பிறகு கைபிடிச் சுவரில் குனிந்து கீழே பார்த்துக் கத்தினார்.

"ஏ ராஜம்மா! நம்ம ஹால காலி பண்ணு! நீ அஞ்சு நாளைக்கு சமையக்கட்டுல அட்ஜஸ்ட் பண்ணிக்க!"

 இதை ஜினமதி யோசிக்கவே இல்லை. அவள் வாங்க மாட்டேன் என்று தள்ளிவிட்டது எங்கேயும் தொலைந்து போகவில்லை, ஒரு மாடி இறங்கி இன்னொருத்தி தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. போனால் போகிறது, கொடுத்துத் தொலைத்துவிடலாமா? வாய்வரை வந்துவிட்டது. கழுத்துகூட அசையப் பார்த்தது. ஆராயி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருங்க டீச்சர். அந்தம்மா வாய்ல இன்னா வர்துன்னு பாப்போம்."

 படியில் சத்தம் கேட்டது. ஒரு கால், நிறுத்தம், மறு கால். ராஜம்மாளுக்கு முட்டி வலி. இந்த மூன்று வருஷத்தில் அவள் மாடிக்கு ஏறி யாரும் பார்த்ததில்லை. ஏறி முடித்து, மூச்சு வாங்கி, புருஷன் எதிரே நின்றாள்.

"ஏழு வருஷம் தீபம் அந்த அடுப்பாண்டதான் பாத்தேன். வர்றவங்களுக்கு வெந்நீரு வெச்சி, பாலு காச்சி, அங்கியே சுருண்டு படுத்து. போன வருஷம் எலி கால கடிச்சிச்சி, ஊசி போட்டாங்க. இன்னாடி ஆச்சின்னு ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"அத இப்ப ஏன்..."

"உன் ரூமு இருக்குதுல்ல? கட்டிலு, பேனு, பீரோ. பெரிய ரூமு. அத குடு."

"அப்ப நான் எங்கடி படுக்கறது?"

கேட்ட பிறகுதான் கண்ணாயிரத்துக்கு உறைத்தது, என்ன கேட்டோம் என்று. மாடியில் பதினோரு பெண்கள், ஒரு டீச்சர், பெங்களூர் அம்மாள், படியில் நிற்கும் அவள் மருமகள்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.  அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் கண்ணைத் தாழ்த்தியது அவர்தான்.

"தீபம் முடியட்டும், டீச்சர்" என்றார், விரலை ஆட்டி. "நோட்டீசு அனுப்பறேன். ரூம காலி பண்ணிட்டுப் போய்க்கினே இரு."

"அனுப்புங்க. எதுக்கு, எத்தன நாளைக்குள்ளன்னு எல்லாத்தையும் முழுசா எழுதி அனுப்புங்க. படிச்சிப் பாத்துட்டு நானும் எழுதறேன்."

அவர் இறங்கிப் போனார். கைபிடிச் சுவரில் தட்டவில்லை. சற்று நேரத்தில் கீழே கட்டிலை இழுக்கும் சத்தமும், படுக்கைச் சுருட்டுகள் தொப் தொப்பென்று விழும் சத்தமும் கேட்டன. நோட்டீஸ் வரும். கண்ணாயிரம் சொன்னால் செய்கிற ஆள்தான். வரட்டும். அடுத்த வாரம் அதைப் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு அறை இங்கேயே இருக்கிறது, பலகை சுவரில் இருக்கிறது.

கீழேயிருந்து பெங்களூர் அம்மாள் குரல் வந்தது. "அம்மா, கொஞ்சம் வெந்நீர்?"

ராஜம்மாள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்டவ்வு கொண்ணாந்தீங்கல்ல, வெச்சிக்குங்க! தண்ணி தொட்டில ரொம்ப கீது!"

"வாங்கக்கா, நீங்களும் இங்கிலீஷ் கத்துக்கலாம்" என்றாள் தென்றல்.

"எனுக்கு எதுக்குடி இங்கிலீஷு?" ராஜம்மாள் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அது மூன்று பேர் பெஞ்சு. வலிக்கிற காலை மெல்லத் தூக்கி அதன்மேல் நீட்டினாள், பிறகு மறு காலையும் நீட்டினாள். முந்தானையால் விசிறிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, சாவகாசமாகக் கண்ணை மூடினாள்.